கிளைகளை நறுக்கினால் போதுமா?

அரசர் ஒருவருக்குப் பிறந்த மக்களும், அம்மக்களுக்குப் பிறந்த மக்களும், தலைமுறை தலைமுறையாக இளவரசர் என்றும் இளவரசி என்றும் பட்டம் தரித்து வருவது தகுமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய ராஜ்யங்கள் ஒவ்வொன்றாக விடை கூறி வருகின்றன. 2019 அக்டோபர் 7-ந் தேதி ஸ்வீடன் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாப் தம் பேரக் குழந்தைகளில் ஐவருக்கு இருந்த 'ராயல் ஹைனஸ்' என்ற அடைமொழியை விலக்கினார். 2022 செப்டம்பர் 28-ந் தேதி டென்மார்க் ராணி இரண்டாம் மார்கரெத், தம் இளைய மகன் யோவாகிமின் மக்கள் நால்வரும் 2023 ஜனவரி 1 முதல் இளவரசுப் பட்டம் துறந்து, மோன்பெஸா பிரபுக் குடும்பத்தினர் என்று மட்டுமே வழங்கப்பெறுவர் என அறிவித்தார். இங்கிலாந்திலோ, 2025 அக்டோபர் 30-ந் தேதி மூன்றாம் சார்லஸ் மன்னர் தம் உடன்பிறந்த தம்பி ஆண்ட்ரூவின் இளவரசுப் பட்டத்தையே களைவதாக அரண்மனையிலிருந்து அறிக்கை வெளிவந்தது.

இவற்றுள் இறுதியில் கூறியது ஒரு தனி மனிதரின் நடத்தையைப் பற்றி எழுந்தது; அதை இங்கே ஆராய வேண்டுவதில்லை. முதல் இரண்டும் அவ்வாறல்ல. பட்டம் இழந்த குழந்தைகள் ஒரு குற்றமும் செய்தவர்கள் அல்லர். இளைய கிளையிற் பிறந்ததொன்றே காரணம். 'மன்னர்களும் ஜனநாயகத்தின் வழிக்கு வந்துவிட்டார்கள், பிறப்பினால் வரும் பெருமையை அவர்களே குறைத்துக் கொள்கிறார்கள்' என்று இதைக் கண்டு மகிழ்வோர் உண்டு. நாம் அம்மகிழ்ச்சியில் பங்கு கொள்வதற்கில்லை. தோட்டக்காரன் மாமரத்தின் பக்கக் கிளைகளை நறுக்குவது மரத்தின்மீது கொண்ட விரோதத்தினால் அன்று. நடுமரம் நன்றாகத் தழைக்க வேண்டும் என்பதற்காகவே. இளைய கிளைகளின் பட்டத்தைக் குறைப்பதும் இவ்வகையதே. இதை ஜனநாயகம் என்று மயங்குவோமாயின், நம் நாட்டில் நாம் செய்து முடித்ததன் அருமையையும், இன்னும் செய்யாது விட்டதன் ஆபத்தையும் ஒருங்கே மறந்தவர்களாவோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் அரசருக்கு மூன்று மக்கள். ஒவ்வொருவருக்கும் மும்மூன்று மக்கள் என்று வைத்துக் கொண்டால், நான்காம் தலைமுறையில் மாத்திரம் எண்பத்தொரு பேர் இருப்பர். எண்பத்தொருவரும் இளவரசர் என்றால் அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு? பட்டம் மலிந்தால் அரியணையும் மலியும். இதை நன்குணர்ந்த நாடு தாய்லாந்து. அங்கே மன்னரின் வம்சத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பட்டம் ஒவ்வொரு படி கீழிறங்கும். மோம் சாவ் என்பவரின் மகன் மோம் ராஜவோங்; அவர் மகன் மோம் லுவாங். அதற்குப் பின் பட்டம் இல்லை. குடும்பப் பெயரோடு 'ந அயுத்தயா' என்ற குறி மாத்திரம் எஞ்சும். ஐந்தாவது தலைமுறையில் அரச ரத்தம் குடிமக்களின் ரத்தத்தோடு கலந்துவிடுகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டினால் அரியணை சிறுத்ததா? இல்லை. அது தனித்து உயர்ந்து நின்றது.

இங்கிலாந்தின் சரித்திரமும் இதையே கூறும். 1917-ல் ஜெர்மனியோடு நடந்த யுத்தத்தின் நடுவே, தம் குடும்பத்தின் ஜெர்மானியப் பெயர் பிரஜைகளின் காதில் கசக்கிறது என்று கண்ட ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், ஜூலை 17-ந் தேதி அதை 'வின்ட்ஸர்' என்று மாற்றினார். அவ்வாண்டு நவம்பர் 30-ந் தேதி ஒரு சாஸனம் பிறப்பித்து, மன்னரின் மக்கள், மன்னரின் புதல்வர்களுடைய மக்கள், வேல்ஸ் இளவரசரின் மூத்த புதல்வருக்குப் பிறந்த மூத்த புதல்வர் ஆகியோருக்கே இளவரசுப் பட்டம் உண்டென வரம்பு கட்டினார். அதே 1917 ஜூன் மாதத்தில் அதே மன்னரின் சென்னைக் கவர்னர், சுயராஜ்யம் கேட்ட குற்றத்துக்காக அன்னி பெசன்ட் அம்மையாரைக் காவலில் வைத்தார் என்பதை இன்று அவ்வம்மையாரின் பெயர் தாங்கிய பெசன்ட் நகரில் வாழ்வோர் நினைவிற் கொள்வது நலம். லண்டனில் உறவினரின் பட்டத்தைக் குறைத்த கை, சென்னையில் பிரஜைகளின் உரிமையைக் கூட்டவில்லை. இரண்டு காரியங்களும் ஒரே நோக்கத்தோடு நடந்தவை. ஆட்சி நிலைக்க வேண்டும் என்பதே அந்நோக்கம்.

அரியணைக்கு வேண்டுமென்றால் அவ்வரம்பு விரியவும் செய்யும். வில்லியம் இளவரசருக்குப் பிறக்கும் முதற் குழந்தை பெண்ணாயின் பழைய சாஸனப்படி அதற்கு இளவரசிப் பட்டம் கிட்டாது என்று கண்டதும், இரண்டாம் எலிஸபெத் ராணி 2012 டிசம்பர் 31-ந் தேதி அக்குழந்தைகள் அனைவருக்கும் பட்டத்தை நீட்டிப் புதிய சாஸனம் பிறப்பித்தார். இளைய பேரர் ஹாரியின் மக்களோ, பாட்டனார் சார்லஸ் 2022 செப்டம்பர் 8-ந் தேதி அரியணை ஏறிய பின்னரே பட்டத்துக்கு உரியராயினர். நறுக்குவதும் நீட்டுவதும் தோட்டக்காரனின் கத்தியில் இருக்கின்றன. கிளைக்கு அதில் பேச்சில்லை.

ஜப்பானின் அனுபவம் இதனினும் பாடமானது. 1947 அக்டோபரில், யுத்தத்தில் தோற்று அந்நியப் படையின் கீழிருந்த காலத்தில், சக்கரவர்த்தியின் பங்காளிக் குடும்பங்கள் பதினொன்று, 51 பேர், ஒரே நாளில் அரச பதவி இழந்து சாதாரணக் குடிகளாயினர். சக்கரவர்த்தியின் உடன்பிறந்த சகோதரர் மூவரின் குடும்பங்கள் மாத்திரம் எஞ்சின. இன்று அடுத்த தலைமுறையில் அரியணைக்குரிய ஆண் 2006-ல் பிறந்த ஹிஸஹிதோ ஒருவரே. எனவே, அன்று வெட்டிய கிளைகளிலிருந்து ஒட்டுக்கட்டலாமா என்று அந்நாட்டில் வாதம் நடக்கிறது. வெட்டும்போது மரத்தின் நலம். ஒட்டும்போதும் மரத்தின் நலம். கிளைகளிற் பிறந்த மனிதரின் நலமோ நாட்டு மக்களின் சமத்துவமோ இரண்டு வேளையிலும் கேள்வியாகவே எழவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கடல் கடந்த நாடுகள் நிற்க. நம் தமிழ் நாட்டின் கதை என்ன?

நம் பாளையக்காரர்களையும் சிற்றரசர்களையும் கும்பெனியார் ஜமீன்தார்களாக்கியபோது, பெரிய ஜமீன்கள் பலவற்றில் பாகம் பிரிக்கலாகாது, ஒருவரே உடையவர் என்ற வழக்கம் நிலைநிறுத்தப்பட்டது. மூத்தவருக்கு ஜமீனும் 'ராஜா' என்ற பெயரும், இளையவர்களுக்கு ஜீவனாம்சம். 1904-ல் இதற்கெனச் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே செய்யப்பட்டது. இது ஹிந்து தர்மத்தின் மேல் சர்க்காருக்கு இருந்த பக்தியால் விளைந்ததென்று எவரும் கூறார். பேஷ்குஷ் கட்ட ஒரு தலை, தவறினால் பிடிக்க ஒரு தலை. அதுவே சர்க்காருக்கு வேண்டியிருந்தது. 'ஒருவருக்கே பட்டம்' என்ற விதி கிளைகளுக்குள் அமைதியைத் தந்ததா என்றால், அதுவும் இல்லை. சிவகங்கையில் 1829-ல் கௌரி வல்லபத் தேவர் இறந்தது முதல், அவருடைய அண்ணன் கிளையினரும், மனைவியரும் மகளுமாகிய பெண் கிளையினரும் தொடுத்த வழக்குகள் 1863-ல் பிரிவி கவுன்ஸிலில் காத்தம நாச்சியாருக்குத் தீர்ப்பாகும் வரையில் முப்பத்து நான்கு வருஷம் ஓடின. வக்கீல்கள் வாழ்ந்தனர், குடிகள் வரி கொடுத்தனர். அவ்வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறோம்.

பட்டத்தின் எல்லையை வகுப்பவர் யார் என்பதைப் புதுக்கோட்டை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி பிங்க் என்ற மாதை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். மணமகள் ஐரோப்பிய மாது என்ற ஒரு காரணத்தால், பிரிட்டிஷ் சர்க்கார் அவரை ராணியாக ஏற்கவில்லை; மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. மன்னர் நாட்டை விட்டு வெளியே வாழ்ந்து 1928-ல் காலமானார். குடும்பத்தின் மற்றொரு கிளையிலிருந்து ஆறு வயதுச் சிறுவரான ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். பிறந்த மகனுக்கு இல்லாத பட்டம் பக்கக் கிளைக்குப் போயிற்று. இது சரியா தவறா என்பதன்று நம் கேள்வி. பட்டம் ரத்தத்தில் ஓடுகிறது என்ற கதை பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அது கொடுப்பவனின் பேனா முனையில் இருக்கிறது. அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ந் தேதி சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அந்த அரண்மனையில் இன்று ஜில்லாக் கலெக்டர் கச்சேரி நடக்கிறது. குடிமகன் மனுவோடு நேரே உள்ளே செல்கிறான். இதுவன்றோ அரண்மனைக்கு ஏற்ற கதி!

இனிச் சென்னை நகரத்துக்கு வருவோம். கர்நாடக நவாபாகிய அஜீம்-உத்-தௌலா 1801-ல் கும்பெனியாரோடு செய்த உடன்படிக்கையால் ஆட்சியை முழுதும் கொடுத்துவிட்டு, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையும் நவாப் என்ற பெயரையும் வைத்துக் கொண்டார். அவருடைய வம்சத்தில் வந்த குலாம் முகம்மது கௌஸ் கான் 1855-ல் சந்ததியின்றி இறந்தார். அவருடைய சிறிய தந்தை அஜீம் ஜா பட்டத்தைக் கோரினார். டல்ஹௌஸி பிரபு மறுத்தார். தஞ்சை மராட்டியரின் பட்டமும் அவ்வாண்டிலேயே ஆண் வாரிசு இல்லை என்ற காரணத்தால் முடிந்தது. சேப்பாக்கம் அரண்மனை சர்க்கார் கைக்குப் போயிற்று. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1867-ல், விக்டோரியா ராணியின் சாஸனத்தால் அதே அஜீம் ஜாவுக்கு 'ஆற்காடு இளவரசர்' என்ற புதிய பட்டமும், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் அரசியல் உபகாரச் சம்பளமும் அளிக்கப்பட்டன. 1855-ல் இளைய கிளைக்கு ஆகாதென்று மறுத்ததை, நடுவே 1857-ன் பெரும் புரட்சியைக் கண்ட பிறகு, சிறிது சுருக்கி அதே இளைய கிளைக்குக் கொடுத்தார்கள். இடையில் மாறியது நியாயம் அன்று, காலம்.

அந்தச் சாஸனத்தின் தன்மையை நன்கு பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஒருவரே இளவரசர். குடும்பத்தின் ஏனையோருக்குப் பட்டம் இல்லை. கர்நாடக உபகாரச் சம்பளம் என்ற பெயரில் சிறு தொகைகள் மாத்திரமே உண்டு. அகலத்தில் இவ்வளவு கடுமையான வரம்பு ஐரோப்பாவிலும் அரிது. ஆனால் நீளத்தில்? நீளத்துக்கு வரம்பே இல்லை. ஒருவருக்குப் பின் ஒருவராக என்றென்றும் செல்லும் பட்டம் அது. இந்தியா சுதந்தரம் அடைந்தது, குடியரசாயிற்று, அரசியல் சட்டம் பட்டங்களை ஒழித்தது, அப்பட்டமும் அச்சம்பளமும் மாத்திரம் நிற்கின்றன.

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் விஷயம் இருக்கிறது. பிறப்பினால் வரும் பட்டத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. எத்தனை பேருக்கு என்பது அகலம். எத்தனை காலத்துக்கு என்பது நீளம். ஸ்வீடனும் டென்மார்க்கும் இங்கிலாந்தும் அகலத்தைக் குறைக்கின்றன, நீளத்தைத் தொடுவதில்லை. நீளத்தைக் காப்பதற்காகவே அகலத்தைக் குறைக்கின்றன என்று கூறினும் பொருந்தும். சமத்துவம் என்பது அகலத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. நூறு பேர் ஒரு தலைமுறைக்குப் பட்டம் தரித்து மறைவார்களாயின் நாட்டுக்குக் கேடு சிறிது. ஒரே ஒருவர் என்றென்றும் பிறப்பினால் உயர்ந்தவராக இருப்பாராயின், 'பிறப்பு ஒன்றே தகுதி' என்ற தத்துவம் உயிரோடு இருக்கிறது என்பதே பொருள்.

சுதந்தர இந்தியா இந்த நீளத்தை அறுத்த வரலாறு ஒவ்வொரு ஊழியனும் அறிய வேண்டியது. சமஸ்தானங்கள் இணைந்தபோது மன்னர்களுக்கு மானியமும் மரியாதையும் வாக்களிக்கப்பட்டன. அவற்றை அரசியல் சட்டத்தின் 291, 362-வது பிரிவுகள் உறுதி செய்தன. மைசூர் மன்னருக்கு வருஷத்துக்கு 26 லட்சம், திருவிதாங்கூர் மன்னருக்கு 18 லட்சம் போன்ற பெருந் தொகைகள் அப்பொழுது இருந்தவரின் ஆயுட்காலத்துக்கே என்றும், பின் வருவோருக்கு 10 லட்சத்துக்கு மேல் இல்லை என்றும் அன்றே ஒரு வரம்பு வைத்தார்கள். 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்ற கணக்கை ஓரளவு மாற்றிய வரம்பு அது. எனினும் மானியம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றுகொண்டுதான் இருந்தது. 1970 செப்டம்பர் 5-ந் தேதி அதை ஒழிக்கும் மசோதா ராஜ்ய சபையில் 149-க்கு 75 என்ற வாக்கில், மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கின் பின்னம் குறைந்து, தோற்றது. மறுநாளே ராஷ்டிரபதியின் உத்தரவால் மன்னர்களின் அங்கீகாரத்தை சர்க்கார் பறித்தனர். டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவைச் செல்லாதென்றது.

அந்தத் தீர்ப்பை நாம் குறை கூறமாட்டோம். சட்டம் கொடுத்ததை உத்தரவால் பறிக்கலாகாது. சட்டத்தாலேயே மாற்ற வேண்டும் என்று கோர்ட்டு கூறியது முற்றிலும் நியாயம். அந்த நியாயத்தின் வழியே சென்று, ஜனங்களிடம் வாக்குக் கேட்டு, பார்லிமெண்டில் நிறைவேற்றி, 1971 டிசம்பரில் 26-வது திருத்தம் சட்டமாயிற்று. அன்று முதல் இந்தியக் குடியரசின் கண்ணில் மன்னரும் இல்லை, மன்னரின் வாரிசும் இல்லை. மூத்த கிளை இளைய கிளை என்ற பேதமே அங்கு எழவில்லை. ஐரோப்பா கிளையை நறுக்கியது. நாம் வேரைப் பார்த்தோம்.

பட்டம் போனால் அதனோடு எல்லாம் போயிற்றா என்றால், அதற்கும் நம் கோர்ட்டுகள் நிதானமாக விடை கூறியிருக்கின்றன. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகத்தை 1950-ம் வருஷத்துச் சட்டம் 'திருவிதாங்கூர் அரசர்' என்பவரிடம் விட்டிருந்தது. கடைசி அரசர் சித்திரைத் திருநாள் 1991-ல் மறைந்த பின், அவருடைய தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அவ்வுரிமையைக் கோரினார். அரசர் என்ற நிலையே இல்லாதபோது தம்பிக்கு ஏது உரிமை என்று 2011-ல் கேரள ஹைக்கோர்ட்டு கூறிற்று. 2020 ஜூலை 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி, தெய்வத்துக்குத் தொண்டு செய்யும் குடும்ப உரிமை அரச பட்டத்தைச் சார்ந்ததன்று, வழக்கத்தைச் சார்ந்தது என்று தீர்த்தது. நிர்வாகத்தையோ ஜில்லா ஜட்ஜின் தலைமையில் ஒரு கமிட்டியிடம் வைத்தது. நம் அபிப்பிராயத்தில் இது நல்ல பகுப்பு. கோயில் தொண்டு வேறு. குடிகள்மேல் உயர்வு வேறு. முன்னது குடும்பத்தில் இருக்கலாம், பின்னதற்கு இடமில்லை.

இந்த வெளிச்சத்தில் ஆற்காட்டுப் பட்டத்தைப் பற்றி நமது கருத்தை ஒளியாமல் கூறுகிறோம். அது ஆட்சி செய்த சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று. ஆகையால் 26-வது திருத்தம் அதைத் தீண்டவில்லை. இது சட்டத்தின் விடுபாடே தவிர, நியாயத்தின் விலக்கு அன்று. ராயப்பேட்டை அமீர் மகாலில் வாழும் அக்குடும்பத்தார்மீது நமக்கு யாதொரு மனக்குறையும் இல்லை. சென்னையில் பல மதத்தாரும் ஒற்றுமையாக வாழ அவர்கள் உழைத்திருக்கிறார்கள்; அதற்கு நகரத்தார் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள். இது எந்த மதத்தாரைப் பற்றிய கேள்வியும் அன்று. மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் புதுக்கோட்டைக்கும் இட்ட அதே கோலை இங்கும் இட வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. இப்பொழுது பட்டம் உடையவர் ஆயுள் உள்ளவரை அதை அனுபவிக்கட்டும். அதற்குப் பின் குடியரசு சர்க்கார் ஒரு வாரிசை அங்கீகரிக்க வேண்டுமா என்பதைக் கச்சேரி உத்தரவால் அன்றிப் பார்லிமெண்டில் வெளிப்படையாகப் பேசித் தீர்க்கட்டும். தொகையோ பெரிதன்று. ஒன்றரை லட்சம் ரூபாயினால் இந்திய பொக்கிஷம் மூழ்கிவிடாது. தத்துவமே பெரிது.

'இவை பழமையின் அலங்காரங்கள். யாருக்கு என்ன தீங்கு? சரித்திரத்தை அழிக்கலாமா?' என்று சிலர் கேட்பர். சரித்திரம் அழியாது. சேப்பாக்கமும் தஞ்சை அரண்மனையும் சரஸ்வதி மகாலும் பட்டம் இல்லாமலே நிற்கின்றன. முன்னோரின் பெயரைச் சொல்லிக் கொள்ளவும், பெருமைப்படவும், வீட்டில் எப்படி வேண்டுமாயினும் அழைத்துக் கொள்ளவும் எந்தக் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. ஊரார் அன்பினால் 'ராஜா' என்று அழைப்பார்களாயின் அதைத் தடுக்கப் போலீஸ் வேண்டாம். சர்க்காரின் முத்திரை மாத்திரம் பிறப்பின்மேல் விழலாகாது. இவ்வளவே நாம் கேட்பது.

இனி, வாசகர்களுக்குச் சிறிது கசப்பாக இருப்பினும், நம் வீட்டுக் குறையையும் கூற வேண்டும். மன்னரின் பட்டத்தை ஒழித்த நாம் வேறு பட்டங்களை வளர்த்து வருகிறோம். எந்தக் கட்சியையும் தனித்துச் சுட்ட நாம் விரும்பவில்லை. எல்லாக் கட்சிகளின் கொடிக் கம்பத்தடியிலும் இது நடக்கிறது. தலைவருக்கு ஒரு பட்டம். அவர் உழைத்தவர், போகட்டும். தலைவரின் மகனுக்கு ஒரு பட்டம்; மருமகனுக்கு ஒரு பட்டம்; பள்ளிக்கூடம் போகும் பேரனுக்கு 'இளைய', 'சின்ன', 'வருங்கால' என்ற அடைமொழியோடு ஒரு பட்டம். தெருவெங்கும் துணிப் பலகைகள். அவற்றில் தலைவரைவிடப் பெரிதாக வாரிசின் முகம். கூட்டத்தில் அவர் நுழைந்தால் முடி நரைத்த தியாகிகள் எழுந்து நிற்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் தம் பேரர்களின் மக்களுக்குப் பட்டம் வேண்டாமென்று ஒரு கோடு கிழித்தாரே, அந்தக் கோடுகூட நம் கட்சிகளில் இல்லை! தாய்லாந்தில் தலைமுறைக்குத் தலைமுறை பட்டம் இறங்குகிறது. இங்கே தலைமுறைக்குத் தலைமுறை ஏறுகிறது. அரச சாஸனம் இல்லாமல், சட்டம் இல்லாமல், தொண்டனுடைய குரலினாலேயே ஒரு புதிய அரச வம்சம் பிறக்கிறது.

இதற்குச் சட்டத்தில் மருந்து தேடிப் பயனில்லை. அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு சர்க்கார் பட்டம் கொடுப்பதைத் தடுக்கும். தொண்டன் கொடுப்பதைத் தடுக்காது. 1995 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் அல்ல. ஆகையால் அவற்றைப் பெற்றவர்கள் தங்கள் பெயருக்கு முன்னோ பின்னோ அவற்றைச் சேர்த்துக் கொள்ளலாகாது என்று கூறிற்று. வாழ்நாள் முழுவதும் உழைத்து விருது பெற்ற விஞ்ஞானியும் வித்துவானும் அதைப் பெயரோடு ஒட்டக்கூடாது. ஒன்றும் செய்யாத பிள்ளை பிறந்த அன்றே பட்டத்தை ஒட்டிக் கொள்ளலாம்! இந்த முரண்பாட்டை நம்மைத் தவிர வேறு யார் தீர்க்க முடியும்?

மனிதருக்கு மரியாதை செய்ய நமக்குத் தெரியாமல் இல்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிறமாக நிற்கும் நினைவு மண்டபத்தைச் சென்னைவாசிகள் அனைவரும் அறிவர். 1930 டிசம்பர் 30-ந் தேதி அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் புகுந்து உயிர் நீத்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மித்தின் ஞாபகமாக எழுப்பப்பட்டது அது. அவர் இளவரசர் அல்லர், பிரபு அல்லர். அவர் நாட்டு இளவரசுக் குழந்தைகளின் பட்டம் 2023-ல் போயிற்று. பட்டமே இல்லாத இம்மாலுமியின் பெயர் நம் கடற்கரையில் நிற்கிறது. அந்த நகருக்குப் பெயர் தந்த அம்மையாரும் யாருடைய வாரிசாகவும் இங்கே வந்தவர் அல்லர். பெயர் நிலைப்பது செயலினால் என்பதற்கு நம் கண்முன்னே இவ்விரண்டு சான்றுகள் போதும்.

ஆதலால், தேசத்தின் பெயரால் உழைக்கும் நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் இது. அடுத்த முறை உங்கள் ஊரில் பொதுக்கூட்டம் கூடும்போது, அழைப்பிதழில் அச்சிடப்போகும் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டத்தின் எதிரிலும், 'இது அவர் செய்தது எதற்காக? அல்லது அவரைப் பெற்றவர் செய்ததற்காகவா?' என்று கேளுங்கள். முன்னதாயின் இருக்கட்டும், பின்னதாயின் அச்சுக்கூடத்துக்குப் போகுமுன் அடித்துவிடுங்கள். பெயரை மாத்திரம் போடுங்கள். அவருக்கும் அது நன்மையே, தம் காலில் நிற்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். அரசர்களின் பட்டத்தை ஒழிக்கப் பார்லிமெண்டும் சுப்ரீம் கோர்ட்டும் தேர்தலும் வேண்டியிருந்தன. இந்தப் பட்டங்களை ஒழிக்க ஒரு சிவப்பு மசிப் பேனா போதும். அது உங்கள் கையில் இருக்கிறது.